வாயில் நுழையாத எழுத்து

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சமணக் குடும்பங்களில் வழிவழியாக வருவதுதான். விளக்கேற்றிய பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. மனைவி குசுமாவதி இருந்தவரை தரணேந்திரனுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றியதில்லை. வெயில் இருக்கும்போதே அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். மூன்று பேரும் பேசிச் சிரித்துச் சாப்பிட்டு எழுந்தால் வாசலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான், சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கிற வீட்டில் ராத்திரி எவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரிந்தது.

பக்கத்துப் போர்ஷனில் தனம் அப்போதுதான் அடுப்பே பற்றவைப்பாள். கடுகு வெடிப்பதும், கரண்டி உரசுவதும், அவள் புருஷனும் பிள்ளைகளும் தட்டுக்கு அடித்துக்கொள்வதும் சுவர் தாண்டி வரும். இந்தப் பக்கம் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், ஒரு குண்டு பல்பு, ஒரு அப்பா, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அப்பாவுக்குப் பேசத் தெரியாது என்று சொல்ல முடியாது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ் கம்பெனி ஒன்றுக்கு டைம் கீப்பர். முதல் வண்டியிலிருந்து மத்தியானம் வரை கூவியே பிழைக்கிற மனிதர். ஆனால் அம்மா இல்லாத பெண்ணிடம் என்ன பேசுவது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் கிளை நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்துவந்து படித்துக்காட்ட ஆரம்பித்தார்.

படிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்றே சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.தான் என்றாலும், ராஜாவுக்கு ஒரு குரல், குதிரைக்காரனுக்கு ஒரு குரல் என்று ஒரே ஆளாக நாடகமே நடத்திவிடுவார். மதி பாயில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பாள். ஜினமதி என்று ஆசையாகப் பெயர் வைத்தவள் அம்மா. மதி என்று சுருக்கியவளும் அவளேதான். சில இடங்களில் மட்டும் அந்தப் பெண் சட்டென்று அவர் முகத்திலிருந்து பார்வையை எடுத்துவிட்டுப் பாயின் கோரையை நிமிண்டுவாள். கதை அங்கே அலுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் குரலை இன்னும் ஒரு படி உயர்த்துவார்.

எல்லாம் சரி. "அடுத்த பக்கம் நீ படி கண்ணு" என்று புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும்.

"எனக்கு வாணாம்."

"ஒரே ஒரு வரி."

"வாணாம்பா. நீங்களே படிங்க."

தரணேந்திரன் தலைகீழாக நின்று பார்த்தார். பக்கத்துக்கு ஒரு கமர்கட் என்றார்; கமர்கட் டப்பாவிலேயே இளகிப் போனது. படம் ஜாஸ்தி, எழுத்து கம்மி என்று பார்த்துப் பார்த்துப் புத்தகம் எடுத்துவந்தார். படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கதையை உச்சத்தில் நிறுத்திவிட்டு, "மீதி வேணும்னா நீயே படிச்சுக்க" என்று புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். ஆசை வெட்கமறியாது, எடுத்துவிடுவாள் என்று கணக்கு. அந்தப் பாச்சாவும் பலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், புத்தகம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவள் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏதோ கொப்பளிக்கிற மாதிரி சத்தம் செய்துகொண்டிருந்தாள். விளையாட்டுப் புத்தி இன்னும் போகவில்லை என்று அவருக்குச் சலிப்புத்தான் வந்தது.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்குக்கு நல்ல மார்க். தமிழ் வாசிப்புக்கு முட்டை. எழுந்து நின்றாளாம், புத்தகத்தைப் பிடித்தாளாம், வாயைத் திறக்கவே இல்லையாம். இந்தச் செய்தி எப்படித்தான் பஸ் ஏறிப் போனதோ, கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா பொன்னம்மா வந்து இறங்கிவிட்டாள்.

"ஏன்டா தரணி, பொட்டைப் புள்ளையை ஆம்பளை ஒண்டியா வளர்க்க முடியுமாடா? நீ வுடியக் காத்தால பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடற. அது எய்ந்திருச்சுதா, தலை வாரிச்சுதான்னு பார்க்க ஆளு உண்டா? இப்ப பாரு, நாலாங்கிளாஸ்லயே முட்டை. பேசாம என்னோட அனுப்பு."

"படிச்சுடும்க்கா. நான்தான் தினம் படிச்சுக் காட்டறனே."

"நீ படிச்சா அதுக்கு மார்க் போடுவாங்களா? முயுப் பரிட்சை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் வாயைத் தொறக்கலைன்னா, கொயந்தையை நான் கூட்டிக்கினு போயிடுவேன். அவ்ளோதான்."

அக்கா கெட்டவள் அல்ல. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் தரணேந்திரனை உறுத்தியது. மதியும் போய்விட்டால், பொழுது சாயும் முன் சாப்பிட்டு எழுந்து, அதன் பிறகு அந்த வீட்டில் அவர் என்ன செய்வார்? அந்த நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை. அன்று சாயந்திரம் ரொம்ப நேரம் படித்தார். மழை இல்லாத ஊரிலிருந்து மழையைத் தேடிப் புறப்பட்ட ஒரு கிழவனின் கதை. பாதிக் கதையில் மதி கேட்டாள்:

"அந்தத் தாத்தாவுக்குத் தூறல் கெடைச்சுதாப்பா?"

"தெரியலையே. நீ படிச்சு சொல்லேன்."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கஸ்தூரி டீச்சர் அந்த வருஷம்தான் கும்பகோணத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். கண்டிப்பு, ஆனால் நெஞ்சில் வஞ்சம் கிடையாது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தரணேந்திரனை உள்ளே கூப்பிட்டு ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்குப் படிக்க வராம இல்ல சார். போர்டுல எழுதிப் போட்டா தப்பில்லாம எழுதறா. ஜூன் மாசம் நல்லாத்தான் படிச்சா. ஒரு நாள் உச்சரிப்பு சரியில்லன்னு நிறுத்தினேன், அதிலேர்ந்துதான் இப்படி. இதோ, இந்த வரிதான். நீங்க வீட்டுல சொல்லிக் குடுத்தா சரியாப் போயிடும். எங்க, ஒரு தரம் படிங்களேன்."

தரணேந்திரனுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் தன் பெண் பார்க்கப் படிக்கப் போகிறார். கனைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக் குரலில் கணீரென்று படித்தார்.

"ஏயைக் கியவன் கொயந்தைக்கு வாயைப்பயம் கொடுத்தான்."

படித்துவிட்டு நிமிர்ந்து, "சரியாத்தானே டீச்சர் இருக்குது?" என்றார்.

பின் பெஞ்சில் ஒரு களுக் கேட்டது. அது முன் பெஞ்சுக்கு வந்தது. பிறகு வகுப்பே சிரித்தது. அதில் பாதிப் பிள்ளைகளுக்கும் அதே நாக்குதான். ஆனால் அடுத்தவன் மாட்டும்போது தன் நாக்கு யாருக்கு ஞாபகம் வருகிறது. டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டிய தட்டில் எல்லாரும் அடங்கினார்கள்.

"பழம்," என்றார் டீச்சர், தணிந்த குரலில். "பழம்."

"ஆமா. பயம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாழ்நாளெல்லாம் தின்ற பழத்தை அவர் பயம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஏழு மணி வண்டியை ஏயு மணி வண்டி என்று கூவியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒருவரும் சிரித்ததில்லை, ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் அது ஏயு மணிதான்.

"அவளும் அச்சு அசலா இப்படியேதான் படிச்சா சார்," என்றார் கஸ்தூரி டீச்சர். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "நான்தான் யோசிக்காம, வாய்ல என்ன கொழுக்கட்டையா, யாருடி உனக்கு இப்படி சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல டீச்சர், நானாத்தான் படிச்சேன்னா. அன்னிக்கு மூடின வாய்."

தரணேந்திரன் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் மதி, பெஞ்சின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள். தெரிந்தது உச்சி வகிடு மட்டும்தான். அன்று காலையில் அவர் கோணல்மாணலாக எடுத்த வகிடு.

மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார். செஞ்சி வண்டி கிளம்ப நின்றது. ஊர்ப் பெயர்களைக் கூவ வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் பெயரே கீழ்பென்னாத்தூர். அவர் பிறந்து வளர்ந்த ஊர். அதைக்கூட அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கண்டக்டர் தசரதன், "இன்னா சார், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானே கூவினான்: "கீய்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்." ஜனங்கள் ஏறினார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாக்கை மடக்கிப் பார்த்தார். மேலே ஒட்டினால் ல வந்தது, விட்டால் ய வந்தது. எதிரே வந்தவர் முறைத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருஷம் ஒரே பக்கம் புரண்ட நாக்கு, இனி எந்தப் பக்கம் புரளும்? குசுமாவதி இருந்தாலாவது சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அவளுக்கும் அந்த எழுத்து வராதே என்பது அப்போதுதான் நினைவு வந்தது. மதி பிறந்த அன்று அவள் சொன்னது, "கொயந்தை உங்க ஜாடை" என்றுதான். அந்த வீட்டில் மதியை யாருமே குழந்தை என்று கூப்பிட்டதில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தலை வலிக்கிறது என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தனம் வீடு சாப்பிட்டது, சண்டை போட்டது, சிரித்தது. இந்தப் பக்கம் பல்பைச் சுற்றும் பூச்சிச் சத்தம்தான். ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தும் இப்படி ஒரு தனிமையா என்று இருந்தது அவருக்கு. அதற்கடுத்த நாள் மதியே புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"அந்தத் தாத்தா இன்னா ஆனாருன்னு சொல்லவே இல்லியேப்பா."

தாத்தா. கிழவன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு மழை என்பதற்குத் தூறல் என்றாளே. எத்தனை மாதமாக இப்படி அந்த எழுத்து இல்லாத சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்? தரணேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர் கேட்டப்ப ஏம்மா என் பேரைச் சொல்லல?"

மதி பாயின் கோரையை நிமிண்டினாள்.

"இங்கயாவது படிச்சிருக்கலாம். நான் சிரிச்சிருப்பனா?"

"எனக்கு வந்துடுச்சுப்பா," என்றாள் மதி, பாயைப் பார்த்துக்கொண்டு.

"இன்னாது?"

"அந்த எழுத்து."

ழ. சுத்தமாக, கஸ்தூரி டீச்சர் வாயிலிருந்து வந்தது போலவே வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் கொப்பளித்தது எதை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்பறம் ஏம்மா படிக்கல? வந்துடுச்சு இல்ல?"

"நான் சரியாப் படிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும்ல."

"இன்னா தெரிஞ்சிடும்?"

"உங்களுக்கு வராதுன்னு."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. குசுமாவதி போனபோது ஊரே கூடி நின்று அழுதது. அதில் இவரும் அழுதார். இது அப்படியில்லை. பெண் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மதி பயந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார்.

"எனக்கு வராதுதான். அது வர்ற எடத்துல எல்லாம் நான் நிறுத்திக்கிறேன். நீ சொல்லு. சேர்ந்து படிக்கலாம்."

மதி அவரை ஒருமுறை பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். நகர்ந்து வந்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மலை மேல ஏறி நின்ன அந்த..." என்று நிறுத்தினார்.

"கிழவன்."

"வானத்தைப் பார்த்து, ஓ..."

"மழையே."

"நீ எங்கே போனாய், எங்கள் பிள்ளைகள்..."

"அழுகிறார்கள்."

அன்று அந்தக் கதை நகர்ந்த நகர்வுக்கு மாட்டு வண்டி தேவலை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனம், "இன்னா சார், அப்பாவும் பொண்ணும் ஏலம் வுடறீங்களா?" என்று குரல் கொடுத்தாள். மதி சிரித்தாள். புத்தகத்தின் முன்னால் அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்து எங்கே நிறுத்துவார் என்று தெரிய வேண்டுமானால், அவர் விரலோடு கூடவே கண்ணை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மதி ஓட்டினாள். சில நாளில் அவர் விரலுக்கு முன்னால் ஓடினாள். அவர் நிறுத்தும் முன்பே கிழவன் என்பாள்; கிழவனோடு விடாமல், கிழவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்று அந்த வரியையே முடித்துவிடுவாள். பிறகு பாராவையே எடுத்துக்கொண்டாள். அவரும் விட்டுக்கொடுத்தார். இந்தப் பழக்கம் வீட்டோடு நிற்கவில்லை. கடையில் போய், "ஒரு சீப்பு..." என்று அவர் நிறுத்துவார், பக்கத்தில் நிற்கும் மதி, "வாழைப்பழம்" என்பாள். கடைக்காரர் விழிப்பார். அப்பாவும் பெண்ணும் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு வருவார்கள். குசுமாவதி போன பிறகு தரணேந்திரனுக்கு வாய்த்த நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

முழுப் பரீட்சையில் கஸ்தூரி டீச்சர் அதே வரியைக் கொடுத்தார். மதி நின்று, நிமிர்ந்து படித்தாள். டீச்சர் மார்க்கைப் போட்டுவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாராம். காலி டிரங்குப் பெட்டியோடு வந்த பொன்னம்மா, "பொயுதன்னிக்கும் புத்தகம்தானா, கண்ணு இன்னாத்துக்கு ஆவும்" என்று முனகிவிட்டுக் காலிப் பெட்டியோடே பஸ் ஏறினாள். தரணேந்திரன்தான் அவளுக்கு ஜன்னல் ஓரம் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார்.

சித்ரா பௌர்ணமி வந்தது. மலையைச் சுற்ற வந்த கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நெரிந்தது. ஸ்பெஷல் வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு அவர் கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. இனி காலை வரை சாப்பாடு கிடையாது. பரவாயில்லை. அன்று காலையில்தான் நூலகத்தில் புதுப் புத்தகம் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தடி புத்தகம். பசியை மறக்க அது போதும் என்று எட்டி நடந்தார். யாரோ காத்திருக்கிற வீட்டுக்குப் போகிற நடை அது.

மதி பல்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். புத்தகம் பாதிக்குமேல் புரண்டிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"ம். தனம் அக்கா வெளிச்சத்துலயே போட்டாங்க," என்றாள், தலை நிமிராமல்.

கால் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளை ஒட்டுவதற்கு வருவாள் என்று சற்று நேரம் பார்த்தார். வரவில்லை. அவள் உதடு அசையவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாக ஓடியது. வாயைத் திறக்காமல் படிக்கிறவர்களுக்கு ழவும் ஒன்றுதான், யவும் ஒன்றுதான். நடுவில் நிறுத்தி இடம் விட ஆள் வேண்டியதில்லை. எதையோ படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா அது?"

"நீங்க அப்பறம் படிச்சுக்கோங்கப்பா," என்று பக்கத்தைத் திருப்பினாள்.

கமர்கட் வாங்கிவைத்தும் கெஞ்சியும் மிரட்டியும் அவர் ஆசைப்பட்டது இதற்குத்தானே. இதற்குமேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தோடு இந்த வெறுமையும் சேர்ந்து வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தது.

"இன்னா சார், இன்னிக்கி சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனம் கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் தரணேந்திரன். "இங்க..."

பழக்க தோஷம், அந்தச் சொல் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு மதியைப் பார்த்தார். அவள் காதில் விழவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"கொயந்தை படிக்குது," என்றார்.